‘இனி எதுக்கு வீடு?’ – எசேக்கியேல் 38ம் மொட்டைமாடிக் கம்பியும்

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பாம்பன் பக்கம். அண்ணன் பஹ்ரைனில் கடல் வேலையில் இருக்கிறார். 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானை அடித்ததிலிருந்து, தெருவில் நடக்கும் ஜெபக்கூட்டத்தில், கடைசி நாட்களில் இஸ்ரேல்மேல் பல ஜாதிகள் படையெடுப்பதைச் சொல்லும் பைபிளின் எசேக்கியேல் 38ஆம் அதிகாரம் தவிர வேறு பேச்சில்லை. பன்னிரண்டு நாளில் சண்டை நின்றது. அம்மாவின் பயம் நிற்கவில்லை. அண்ணன் அனுப்பிய காசில் மாடி எடுக்கக் கம்பி வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். கூட்டத்துக்குப் போய்வரும் மாமா, கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைச் சொல்லி, "வருகை வாசல்ல நிக்குது, இனி எதுக்கு வீடு?" என்கிறார். கம்பி உப்புக்காற்றில் துருவேறுகிறது. பங்குச்சாமியோ இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

நான் சாமியாரும் இல்லை, ஊழியக்காரனும் இல்லை. அம்மா வழி கத்தோலிக்கம், அப்பா வழி சி.எஸ்.ஐ. என்ற புரொட்டஸ்டண்ட் சபை; வீட்டில் இரண்டு பைபிளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மதுரை அரசரடியில் கொஞ்ச காலம் இறையியல் படித்துவிட்டு வாத்தியார் வேலைக்கு வந்தவன். இதே கேள்வியை நாட்டின் பெயர் மட்டும் மாறி மாறிக் கேட்டு வருகிறேன். 1991ல் ஈராக்தான் பாபிலோன் என்றார்கள். 2003ல் திரும்பவும் ஈராக். 2022ல் ரஷ்யா. 2024 டிசம்பரில் டமாஸ்கஸில் ஆட்சி கவிழ்ந்தபோது ஏசாயா 17 வாட்ஸ்அப்பில் சுற்றியது. "தமஸ்கு பாழான மண்மேடாகும்" என்ற அந்த வசனத்தை அனுப்பியவர் எவரும், கி.மு. 732லேயே அசீரியர் அந்த நகரத்தைப் பிடித்து நொறுக்கியதைச் சேர்த்து அனுப்பவில்லை.

எசேக்கியேலுக்கு முன்னால் மத்தேயு 24ஐப் பார்ப்போம். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. "யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள், கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள், இவைகளெல்லாம் சம்பவிக்கவேண்டியதே, ஆனாலும், முடிவு உடனே வராது." ஆறாம் வசனம். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘கலங்காதபடி’ இருக்கும் இடத்தில் ‘திடுக்கிடாதபடி’ என்று இருக்கும். கருத்து ஒன்றுதான். சண்டைச் செய்தி வந்தால் பதறாதே, அது முடிவு அல்ல என்கிறது வசனம். முப்பது வருடமாக நான் கேட்ட பிரசங்கங்களில் பாதி, இந்த வசனத்தின் முதல் பாதியை மைக்கில் கத்தி வாசித்துவிட்டுப் பின்பாதியை விழுங்கிவிடுகின்றன. கலங்காதே என்று சொன்ன வாக்கை எடுத்து ஆளைக் கலங்கடிக்கிறார்கள். எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே போனால் வேறொரு வசனம். யூதேயாவில் இருப்பவர்கள் மலைகளுக்கு ஓடிப்போகட்டும், கர்ப்பவதிகளுக்கும் பால்கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ, "நீங்கள் ஓடிப்போவது மாரிகாலத்திலாவது ஓய்வுநாளிலாவது சம்பவியாதபடிக்கு வேண்டிக்கொள்ளுங்கள்." சின்ன வயதில் இதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவின் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் பேத்தி மனப்பாடத்துக்காக இந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தாள். மாரிகாலம் என்ற சொல் வந்ததும் அந்த அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டார்.

"வாத்தியார், மாரியில ஓடவேண்டி வரக்கூடாதெண்டு மன்றாடச் சொல்லியிருக்கிறார், பாத்தீங்களோ. அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

பிறகு அவராகவே சொன்னார். அவர்கள் வந்தது மாரியில்தான். கைப்பிள்ளையோடு. படகுக்காரன் இரவில் மணல்திட்டில் இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா, இறங்கி நடங்கோ என்று சொல்லித் திரும்பிவிட்டான். சுற்றிலும் தண்ணீர். விடிந்து ஒரு நாட்டுப்படகு பார்க்கும்வரை நின்றிருக்கிறார்கள். "குளிரில உடம்பு விறைச்சுப் போச்சு. பிள்ளைக்குப் பால் குடுக்கேலாமப் போச்சு." தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடலில் சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்த முப்பதைக் கடந்தவர்களிடம் மத்தேயு 24ஐ விளக்கிச் சொல்ல நமக்கு வாயில்லை, தம்பி.

இப்போது யோசித்துப் பாருங்கள். உலகமே முடியப்போகிறது என்றால் மாரியாவது கோடையாவது? மலைக்கு ஓடி என்ன பயன்? ஓய்வுநாளாக இருந்தால் என்ன நஷ்டம்? ஆகவே அந்த வசனங்கள் உலக முடிவைப் பேசவில்லை, ஒரு குறிப்பிட்ட ஊரின் அழிவைப் பேசுகின்றன என்று வாசிப்பவர்கள் உண்டு. சீடர்கள் கேட்ட கேள்வி எருசலேம் ஆலயத்தின் அழிவில்தான் தொடங்குகிறது. கி.பி. 70ல் ரோமத் தளபதி தீத்து அந்த நகரத்தை முற்றுகையிட்டு ஆலயத்தை எரித்தான். உள்ளே பஞ்சம்; வெளியே சிலுவைகள். அதற்கு முன்பே கிறிஸ்தவர்கள் யோர்தானுக்கு அப்பால் பெல்லா என்ற ஊருக்குத் தப்பிப் போய்விட்டார்கள் என்று நான்காம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதியிருக்கிறார். "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்ற 34ஆம் வசனம் இந்த வாசிப்புக்குப் பெரிய பலம். ஒரு தலைமுறை, நாற்பது வருடம். கணக்கு சரியாக வருகிறது.

ஆனால் இந்த வாசிப்பிலும் ஓட்டை இருக்கிறது. மனுஷகுமாரனாகிய கிறிஸ்து மேகங்கள்மேல் வருவதும், எக்காளத்தோடு தூதர்கள் நான்கு திசையிலிருந்தும் ஆட்களைச் சேர்ப்பதும் கி.பி. 70ல் நடந்ததாகச் சொல்ல நிறையச் சுற்றி வளைக்க வேண்டும். அதனால் பெரும்பாலான சபைகள் இரண்டும் கலந்து வாசிக்கின்றன: அருகில் தெரியும் மேட்டுக்குப் பின்னால் தூரத்து மலையும் ஒன்றாகத் தெரிவது போல, எருசலேமின் முடிவும் உலகத்தின் முடிவும் ஒரே பேச்சில். என் மனசும் இங்கேதான் நிற்கிறது. ஆக, வருகை இல்லை என்று நான் சொல்வதாக மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள். "ஜீவனுள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று எல்லாச் சபையும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். தகராறு அதில் இல்லை. தேதியிலும் நாட்டுப் பெயரிலும்தான்.

நாட்டுப் பெயர் என்றதும் அந்தப் படையெடுப்பின் தலைவன் கோகு வந்துவிடுகிறான். எசேக்கியேல் 38: "மேசேக் தூபால் ஜாதிகளின் அதிபதியான மாகோகு தேசத்தானாகிய கோகு". அவனோடு பெர்சியர், எத்தியோப்பியர், லீபியர். இதில் பெர்சியர் என்றால் ஈரான் என்பது சரி. மேசேக் மாஸ்கோ, தூபால் டோபோல்ஸ்க் என்று உங்கள் கூட்டத்தில் சொல்லியிருப்பார்களே? காதுக்கு ஒத்த ஓசை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அசீரியக் கல்வெட்டுகளில் முஷ்கி, தபால் என்ற இரண்டு ஜாதிகள் வருகின்றன. இன்றைய துருக்கி இருக்கும் நிலத்தில் வாழ்ந்தவர்கள். கோகு என்ற பெயரும் அதே நிலத்தின் மேற்கில் லீதியாவை ஆண்ட ஒரு ராஜாவின் நினைவாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அசீரியர் அவனை ‘கூகு’ என்று எழுதியிருக்கிறார்கள். எசேக்கியேலுக்கு முந்தைய நூற்றாண்டுக்காரன்.

ரஷ்யா எப்படி வந்தது என்பது இன்னும் வேடிக்கை. எபிரெயத்தில் அந்த வசனத்தில் ‘ரோஷ்’ என்று ஒரு சொல் உண்டு. அதற்குத் தலை என்று பொருள். யூதப் புத்தாண்டை ரோஷ் ஹஷானா என்கிறார்களே, வருடத்தின் தலை, அதே ரோஷ். தலையிலிருந்து தலைவன் வருவது தமிழனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நம் பழைய தமிழ் பைபிள் அதை ஊர்ப்பெயராக எடுக்காமல் ‘அதிபதி’ என்பதற்குள் அடக்கிவிட்டது. ஆனால் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ஒரு பெயர் போல நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ரோஷ் என்றால் ரஷ்யா என்றார்கள். ‘ரூஸ்’ என்ற பெயர் வரலாற்றில் தலைகாட்டுவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில். எசேக்கியேல் எழுதியது அதற்கு ஆயிரத்து நானூறு வருடம் முன்பு. நம் தமிழ் பைபிளில் இல்லாத ஒரு ஊரைத் தமிழ்க் கூட்டத்தில் தினமும் பிரசங்கம் பண்ணுகிறார்கள்.

கோகு வேலைக்கு ஆள் எடுப்பதும் புதிதல்ல. நான்காம் நூற்றாண்டில் கோத்தியர் என்ற ஜாதி ரோமை நெருக்கியது. மிலான் ஆயர் அம்புரோஸ், கோத்தியர்தான் கோகு என்றார். அவர் கையால் 387ல் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தீனோ, அப்படி ஏதோ ஒரு தூரத்து ஜாதியைப் பிடித்துக் கோகு என்று சொல்லாதீர்கள், அது பூமி எங்கும் பரவிக் கிடக்கும் பகையைச் சொல்கிறது என்று எழுதினார். யாரும் கேட்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியர் வந்தபோது அவர்கள்தான் கோகு. பதினாறில் துருக்கியர், மார்ட்டின் லூத்தரே அப்படிச் சொன்னார். இருபதில் சோவியத். ஒவ்வொரு தலைமுறையிலும் அன்றைக்குப் பயமுறுத்துகிற எதிரி யாரோ அவனுக்கே அந்தச் சட்டையை மாட்டிவிடுகிறார்கள். பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் 20லோ கோகும் மாகோகும் ஆயிரம் வருஷ அரசாட்சிக்குப் பிறகு வருகிறார்கள். இந்த வருஷமே வந்துவிட்டார்கள் என்பவரிடம் அதையும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். அந்தப் படை கையில் வில்லும் கேடகமும் ஈட்டியும்தான் இருக்கின்றன, அவற்றை ஏழு வருஷம் விறகாக எரிப்பார்கள் என்கிறது 39ஆம் அதிகாரம். எழுத்துக்கு எழுத்து நம்புகிறோம் என்பவர்களுக்கு வில் வரும் இடத்தில் மட்டும் அது ஏவுகணையாகிவிடும்.

கீழக்கரை முஸ்லிம் நண்பர் ஒருவர், எனக்கு இருபது வருடப் பழக்கம், ஜூனில் டீக்கடையில் போனை நீட்டினார். "வாத்தியாரே, இதைப் பாருங்க. எங்க குடும்ப குரூப்புல யஃஜூஜ் மஃஜூஜ் வந்துட்டாங்கன்னு ஒருத்தர் அனுப்பியிருக்கார்." நம் கோகு மாகோகுக்கு அவர்கள் வேதத்தில் உள்ள பெயர் அது. எனக்கு முதல்நாள் வந்த அதே வீடியோ. ஏவுகணைகள் இரவு வானத்தில் போகும் காட்சி. எனக்கு வந்ததில் கீழே எசேக்கியேல். அவருக்கு வந்ததில் அவர்கள் வேதம். "படத்தை ஒருத்தன் எடுக்குறான், வசனத்தை அவனவன் ஒட்டிக்கிறான்" என்றார். நான் இறையியல் படித்ததில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

பெர்சியர் என்றாலே எதிரி என்று உங்கள் அம்மா நினைக்கத் தொடங்கிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள். ஏசாயா 45ல் கர்த்தர் "நான் அபிஷேகம்பண்ணின" என்று சொல்வது ஒரு பெர்சிய ராஜாவை, கோரேசு, சரித்திரப் புத்தகத்தில் சைரஸ். யூதர்களைச் சிறையிருப்பிலிருந்து வீட்டுக்கு அனுப்பியவன். பெந்தெகொஸ்தே நாளில் தங்கள் பாஷையில் சுவிசேஷத்தைக் கேட்டவர்களின் பட்டியல் தொடங்குவதே "பார்த்தரும், மேதரும், ஏலாமீத்தரும்" என்றுதான். மூவருமே ஈரான் மண்ணோடு சேர்ந்தவர்கள். எரேமியா 49ன் கடைசி வசனம், கடைசி நாட்களில் ஏலாமின் சிறையிருப்பைத் திருப்புவேன் என்கிறது. இதுவும் கடைசி நாட்களைப் பற்றிய தீர்க்கதரிசனம்தான். இதை வைத்து ஒரு கூட்டம்கூட நடந்ததாக எனக்கு நினைவில்லை.

சரி, இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம், அந்திக்கிறிஸ்து, அர்மகெதோன், ஆயிர வருஷ அரசாட்சி என்று வரிசையாக ஒரு அட்டவணை போட்டுத் தொங்கவிடுகிறார்களே, அது எங்கிருந்து வந்தது? அப்போஸ்தலர் காலத்திலிருந்தே இருக்கிறது என்று மாமா நினைப்பார். கிறிஸ்து வந்து பூமியில் ஆயிரம் வருடம் ஆள்வார் என்ற நம்பிக்கை பழையதுதான்; இரண்டாம் நூற்றாண்டுச் சபைத் தந்தையர் யுஸ்தீனும் இரேனியுவும் அப்படி நம்பினார்கள். ஆனால் சபையை முதலில் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு பிறகு உபத்திரவ காலம் என்ற இந்த வரிசையைப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரிட்டிஷ் போதகர், 1830களில். 1909ல் அமெரிக்காவில் ஸ்கோஃபீல்டு என்பவர் பைபிளின் அடியில் குறிப்புகளாக அதைச் சேர்த்து அச்சிட்டார். மாஸ்கோவும் டோபோல்ஸ்கும் அந்த அடிக்குறிப்பில் இருப்பவைதான். வசனமும் குறிப்பும் ஒரே பக்கத்தில் ஒரே கறுப்பு மையில் இருந்தால், இரண்டு தலைமுறைக்குள் குறிப்பும் வசனமாகிவிடும்.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. டார்பியின் கூட்டத்தோடு சேர்ந்திருந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833ல் இந்தியா வந்தார். அவரிடம் பழகிய ஜான் அருளப்பன், பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்திருந்த வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கினார். 1860ல் அங்கிருந்து திருநெல்வேலிப் பக்கமெல்லாம் எழுப்புதல் என்ற பக்தி அலை பரவியது. அந்த அலை மலைக்கு அப்பால் திருவிதாங்கூருக்கும் போனது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து மனந்திரும்பிய ஜஸ்டஸ் ஜோசப் என்ற போதகர், நல்ல கவிஞர், 1875ல் ஒரு கணக்குச் சொன்னார்: இன்னும் ஆறு வருடம், 1881ல் வருகை. ஆயிரக்கணக்கில் நம்பினார்கள். 1881 வந்தது, போனது. ஏமாந்தவர்களில் பலர் பழைய சபைகளுக்குத் திரும்பிவிட்டார்கள். அமெரிக்காவில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தவர்களுக்கும் அதே கதைதான். 1948ல் இஸ்ரேல் தேசம் உண்டானது, மத்தேயு 24ன் உவமையில் வரும் அத்திமரம் துளிர்த்துவிட்டது, கூட ஒரு தலைமுறை நாற்பது வருடம் என்று கூட்டி, 1988 என்றும் ஒரு கூட்டம் சொன்னது. அத்திமரம்தான் இஸ்ரேல் என்றால், லூக்கா அதே உவமையை "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறாரே, மற்றெல்லா மரமும் எந்தெந்த நாடு?

அடையாளம் என்ற சொல்லை நாம் தப்பாகப் புரிந்துகொள்கிறோம் என்று நினைக்கிறேன். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்களே, அதைவிடச் சரியான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்றாம் எண் ஏறினால் தூரத்துக் கடலில் ஏதோ உருவாகிறது. மூன்று என்றால் நம் பக்கம் பலத்த காற்று வரலாம். எட்டிலிருந்து பத்துவரை பெரிய அபாயம். பதினொன்றாம் எண் ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள்: வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனது, இனி அங்கிருக்கும் அதிகாரி தன் கண்ணால் பார்த்து முடிவு செய்யவேண்டியது என்பதற்கு. கூண்டு ஏறினால் நாம் என்ன செய்கிறோம்? வல்லத்தைக் கரையேற்றுகிறோம், நங்கூரக் கயிற்றை இரட்டையாகப் போடுகிறோம், போனவர் வந்துவிட்டாரா என்று வீடு வீடாகக் கேட்கிறோம். கூண்டைப் பார்த்துவிட்டு வல்லத்தை விற்றவனை நான் பார்த்ததில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. ரயிலோடு ஆட்கள் போனார்கள். பிழைத்தவர்கள் மறு வருஷம் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வலை பின்னிக்கொண்டுதான் இருந்தார்கள். (அந்த ஊர் பாவத்தால் அழிந்தது என்று பேசிய ஒருவரின் கூட்டத்தில் பாதியில் எழுந்து வந்திருக்கிறேன். அப்பா இழந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.)

உங்கள் பங்குச்சாமி விஷயம். அவர் பேசவில்லை என்பது முழுக்கச் சரியில்லை. நவம்பர் நடுவில், கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, போர் முழக்கங்களைப் பற்றிய வாசகம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை லூக்கா நற்செய்தியிலிருந்து வருகிறது. கடலுக்குப் போகும் அவசரத்தில் நாம் கவனிப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை, அகுஸ்தீனோ வழியில், அந்த ஆயிரம் வருடத்தைத் திருச்சபையின் காலம் என்று வாசிக்கிறது. வரலாற்றுக்குள்ளேயே மெசியாவின் அரசு வந்துவிடும் என்ற போதனையை மறைக்கல்வி நூலே தள்ளுகிறது. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளிலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். தள்ளுகிறோம் என்று நூலில் இருந்தால் போதாது. ஜனங்கள் பயந்து கிடக்கும்போது பலிபீடத்திலிருந்து பத்து நிமிடம் பேசாவிட்டால், அந்தப் பத்து நிமிடத்தை வாட்ஸ்அப் எடுத்துக்கொள்ளும். நேரில் போய்க் கேளுங்கள், தம்பி. கேட்டால் சொல்வார்.

வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி இரண்டே விஷயம். அர்மகெதோன் என்பது மெகிதோ. இஸ்ரேலின் வடக்கே யெஸ்ரயேல் சமவெளியோரம் உள்ள ஒரு பழைய நகரத்து மண்மேடு. கி.மு. 609ல் யோசியா ராஜா செத்த இடம். 1918ல்கூட அங்கே சண்டை நடந்தது, இந்தியக் குதிரைப்படை அதில் இருந்தது. அந்த நூலை எழுதிய யோவான் அந்தப் பெயரைச் சொன்னால் கேட்பவனுக்கு உடனே சாவும் ஒப்பாரியும் ஞாபகம் வரும். ஆனால் 16ஆம் அதிகாரத்தில் ராஜாக்கள் அங்கே கூட்டிச்சேர்க்கப்படுகிறார்கள், அவ்வளவுதான். இரண்டு படையும் மோதிக்கொண்டதாக ஒரு வரியும் இல்லை. 19ல் வெற்றி பெறுகிறவரின் பட்டயம் வாயிலிருந்து புறப்படுகிறது. கையில் இல்லை.

இன்னொன்று ஆறாம் அதிகாரத்துக் குதிரைகள். சிவப்புக் குதிரை சண்டை. அதன் பின்னாலேயே கறுப்புக் குதிரை, ஏறியிருப்பவன் கையில் தராசு. "ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை". அந்தப் பணம் ஒரு நாள் கூலி. ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டால் ஒரு ஆளுக்குச் சாப்பாடு, வீட்டில் இருப்பவர்களுக்கு? எண்ணெய்க்கும் திராட்சரசத்துக்கும் மட்டும் ஒன்றும் ஆகாது, அது பணக்காரன் வீட்டுச் சரக்கு. இது எதிர்கால அணுகுண்டு ரகசியம் அல்ல, தம்பி. சண்டைக்குப் பின்னால் விலைவாசி எப்படி வரும் என்பதை ரோம ராஜ்யத்தில் வாழ்ந்த ஒருவர் பார்த்து எழுதியது. இலங்கையில் சண்டை 2009ல் முடிந்தது. 2022ல் அரிச்சல்முனைப் பக்கம் மறுபடி ஆட்கள் வந்து இறங்கினார்கள். இந்தத் தடவை குண்டுக்குப் பயந்து அல்ல. பால்மாவு விலைக்குப் பயந்து. நம் பக்கம் டீசல் ஏறினால் எத்தனை விசைப்படகு கரையிலேயே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கறுப்புக் குதிரையை இந்தக் கரையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பத்முதீவில் நாடுகடத்தப்பட்டு இருந்தவர் யோவான். புதிய வானம் புதிய பூமி என்று எழுதிவிட்டு, "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்கிறார். ஒரு சாவு வீட்டில் இதை வாசித்தபோது, வயதான சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரர், ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "கடல் இல்லாத மோட்சத்துல நமக்கு என்னய்யா வேலை?" என்று கேட்டார். சிரிப்புக்காகக் கேட்கவில்லை. அன்றைக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். யோவானுக்குக் கடல் என்பது அவரைச் சபையிலிருந்து பிரித்து வைத்திருந்த தண்ணீர். 13ஆம் அதிகாரத்தில் மிருகம் கடலிலிருந்துதான் ஏறி வருகிறது. ரோமின் அதிகாரிகளும் படைகளும் ஆசியா என்ற ரோம மாகாணத்துக்குக் கப்பலில் வந்து இறங்கியவை. அவர் இல்லாமல் போகச் சொன்னது அந்தக் கடலை. சம்மாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ரோந்துக் கப்பலு இருக்காதுங்கிற" என்றார். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குத் தவறாமல் போனவர் அவர். இரண்டு கரைக்காரரும் ஒரே கொடிமரத்தடியில் நிற்கும் அந்த இரண்டு நாளை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

இனி உங்கள் மாடி. எசேக்கியேல் பாபிலோனில் இருந்த அதே காலத்தில் எருசலேமில் எரேமியா இருந்தார். நகரத்தைச் சுற்றிப் பாபிலோன் படை. அவரோ காவற்சாலை முற்றத்தில். நகரம் விழும் என்று தன் வாயாலேயே சொன்னவர். அந்த நேரத்தில் அவர் பெரியப்பா மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரிப் படை மிதித்துக்கொண்டிருக்கும் நிலம்! எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, கிரயப் பத்திரத்தை நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். எரேமியா 32. நம் ரெஜிஸ்தர் ஆபீஸ் வேலை அத்தனையும் அதில் இருக்கிறது. மாமாவிடம் என் பேச்சைச் சொல்லவேண்டாம். அந்த அதிகாரத்தை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், அம்மாவும் கேட்கும்படி. தெசலோனிக்கேயாவில் வருகை வந்துவிட்டது என்று சிலர் கலங்கிப்போனார்கள். வேறு சிலர் வேலைவெட்டி இல்லாமல் திரிந்தார்கள். பவுல் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கடிதத்தில் எழுதியது என்ன என்று அதோடு சேர்த்து வாசிக்கட்டும்.

அண்ணன் விஷயத்தில் தீர்க்கதரிசனத்தைவிட முக்கியம் பாஸ்போர்ட். அது அவர் கையில் இருக்கிறதா, முதலாளி கையிலா என்று இன்றே கேளுங்கள். நகல் ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும். மனாமாவில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவைக்கச் சொல்லுங்கள். அம்மாவோடு தினம் ஒரே நேரத்தில், இரண்டு நிமிடமானாலும், பேசச் சொல்லுங்கள்.

கம்பியில் செதில் செதிலாக வரும் துருவை இரும்புப் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, சிமெண்ட் பால் அடித்து, கல்மேல் தூக்கி வைத்துத் தார்ப்பாய் போடுங்கள். கொத்தனார் என்ன சொன்னாலும் கடல் மணலும் உப்புத் தண்ணியும் கலக்க விடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தளம் போட்டுவிடலாம். கான்கிரீட் போடுகிற அன்றைக்கு மாமாவையும் கூப்பிடுங்கள், சட்டி தூக்க ஆள் பத்தாது.